சிரிப்பு மேடை – 9: மறுமுனையில் யார்?

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் பாப் நியூஹார்ட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய சிகாகோ கணக்கர் வேலையில்தான் தொடங்குவார்கள். சில்லறைக் கணக்கு உதைத்தால் சொந்தப் பையிலிருந்து காசு போட்டுச் சரிக்கட்டிவிடுவாராம். கதை சுவையானதுதான். ஆனால் 1929-இல் பிறந்து 2024 ஜூலையில் 94 வயதில் மறைந்த அந்த மனிதர், அரை நூற்றாண்டுக்கு மேல் எப்படித் தாக்குப்பிடித்தார் என்பதற்கு அது விடையாகாது. என் கணிப்பில் அவருடைய தொழிலே காது கொடுப்பதுதான். பேச்சு அதற்கு அடுத்தபடி.

1960 பிப்ரவரியில் ஹூஸ்டனின் டைட்லேண்ட்ஸ் கிளப்பில் அவருடைய முதல் இசைத்தட்டு பதிவானது. அதுவரை அவர் நைட் கிளப் மேடை ஏறியதே இல்லை. அந்தத் தட்டு பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. பாட்டுக்காரர்களை ஓரங்கட்டி, ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியையும் தட்டிச் சென்றது. நகைச்சுவைக்கு அந்தப் பரிசு வந்தது அதுவே முதல் முறை. அதில் ஓர் உருப்படி: கெட்டிஸ்பர்க் உரைக்குத் தயாராகும் ஆபிரகாம் லிங்கனோடு அவருடைய விளம்பர ஏஜென்ட் போனில் பேசுகிறார். லிங்கன் தாடியை மழிக்கப் போகிறார் போலும். ஏஜென்ட் பொறுமையாகத் தடுக்கிறார். உரையின் புகழ்பெற்ற தொடக்கத்தை மாற்றி, 'எண்பத்தேழு' என்று நேராகவே போட்டுவிட்டார் போலும். அதற்கும் சமாதானம் சொல்கிறார். நான் இங்கே 'போலும்' போட வேண்டியிருக்கிறதே, வித்தை அங்கேதான் இருக்கிறது. லிங்கனின் குரல் ஒருமுறைகூடக் கேட்பதில்லை. ஏஜென்ட் நிறுத்தி, திக்கி, கேட்டதைத் திருப்பிச் சொல்லும் அந்த இடைவெளியில் லிங்கனின் வசனத்தை எழுதுவது ரசிகர்தான்.

இதில் என்ன புதுமை என்று அப்போதே கேட்டார்கள். ஷெல்லி பெர்மன் அதற்கு முன்பே ஸ்டூலில் உட்கார்ந்து, இல்லாத போனில் பேசிப் பெயர் வாங்கியவர். தன் பாணியை நியூஹார்ட் எடுத்துக்கொண்டார் என்று அவருக்கு மனத்தாங்கல். ஒற்றைக்குரல் டெலிபோன் தட்டுகளோ 1910-களிலேயே விற்றவை. ஆக, போன் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் நியூஹார்ட்டுக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் பெர்மனின் ஆள் அவதிப்படுகிறவர். அவருடைய பதற்றம்தான் சிரிப்பு. நியூஹார்ட்டின் ஆட்களோ மரியாதை தவறாத உத்தியோகஸ்தர்கள். எதிர்ப்பக்கம் என்ன கூத்து நடந்தாலும் குரல் உயராது. இன்னொரு குறை, லென்னி புரூஸைப் போல அவர் யாரையும் கடிக்கவில்லை, கோட்டும் டையுமாக நின்ற சாது என்பது. கெட்ட வார்த்தை இல்லை, வாஸ்தவம். ஆனால் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் மோதிய அதே ஆண்டில், அதிபர் என்பவரும் விளம்பரக்காரர் தயாரிக்கும் சரக்குதான் என்று காட்டிய உருப்படியை எந்தக் கணக்கில் சாது என்பது?

1961-இல் என்பிசி தந்த பல்சுவை நிகழ்ச்சி எம்மி வாங்கியும் ஒரே பருவத்தில் மூடப்பட்டது. 1972-இல் சிபிஎஸ்ஸில் தொடங்கிய 'த பாப் நியூஹார்ட் ஷோ'தான் அவருக்கென்றே தைத்த சட்டை. அதில் அவர் பாப் ஹார்ட்லி என்ற உளவியலாளர். சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்பதே வேலை. தொடக்கக் காட்சியிலேயே போனை எடுத்து 'ஹலோ' என்கிறார்! கார்லின் என்ற நோயாளி விபரீதமான எண்ணம் எதையாவது வெகு இயல்பாகச் சொல்லி முடிப்பார். ஹார்ட்லி இமைப்பார், வாயைத் திறப்பார், மூடுவார். நல்ல வசனமெல்லாம் துணை நடிகர்களுக்குத்தானே போயிற்று என்பார்கள். போயிற்று. ஆனால் வசனம் முடிந்த கையோடு கேமரா யார் முகத்துக்குத் திரும்பியது? திக்கலைக் கொஞ்சம் குறைத்தால் நேரம் மிச்சமாகுமே என்று ஒரு தயாரிப்பாளர் கேட்டதற்கு, பெவர்லி ஹில்ஸில் வீடு வாங்கித் தந்ததே அந்தத் திக்கல்தான் என்று பதில் சொன்னதாக நியூஹார்ட் சொல்வதுண்டு.

1982 முதல் 1990 வரை ஓடிய 'நியூஹார்ட்' தொடரில் வெர்மான்ட் விடுதிக்காரராக வந்தபோதும் சுற்றியிருந்தவர்கள் கிறுக்கர்கள், அவர் கேட்பவர். இத்தனைக்கும் நடிப்புக்காக முதல் எம்மி அவர் கைக்கு வந்தது 2013-இல், 84 வயதில். 'த பிக் பேங் தியரி'யில் விருந்தினராக வந்து, தன்னைக் குழந்தைப் பருவத்திலிருந்தே கொண்டாடிய இரண்டு விஞ்ஞானிகளின் ஓயாத பேச்சைச் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவர் வேடம் அது.