ஹெமிங்வே காட்டும் மனிதர்கள்

எர்னஸ்ட் ஹெமிங்வே 1926ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி ஸன் ஆல்ஸோ ரைஸஸ்’ என்னும் நாவல், முதல் உலகப் போருக்குப் பின் தாய்நாட்டை விட்டுப் பாரிஸ் நகரில் வாழ்ந்தோரின் கதை. அதைச் சொல்பவன் ஜேக் பார்ன்ஸ் என்னும் அமெரிக்கப் பத்திரிகை நிருபன். போரில் பட்ட காயத்தால் இல்லற இன்பத்துக்குத் தகுதியற்றவனாகிவிட்டான். போர்க்காலத்தில் மருத்துவமனையில் அவனைப் பேணிய பிரெட் என்னும் ஆங்கில மாதும் அவனும் ஒருவரையொருவர் நேசிக்கின்றனர். ஆயினும் கூடி வாழ வழியில்லை. அவளோ, கடனில் மூழ்கிய மைக் என்பவனை மணக்க இசைந்திருக்கிறாள். போர்முனையையே காணாத ராபர்ட் கோன் அவளைக் காவியத் தலைவியாக எண்ணி மயங்குகிறான்; பிறர் அவனை எள்ளி நகையாடுகின்றனர்.

இவர்கள் அனைவரும் ஸ்பெயின் நாட்டுப் பாம்ப்லோனா நகரில் நடைபெறும் காளைப்போர் விழாவுக்குச் செல்கின்றனர். அக்கலையைப் போற்றும் விடுதித் தலைவர் மொண்டோயா, ஜேக்கைத் தம்மவனாகவே மதிப்பவர். 19 வயது வீரன் ரொமேரோவை அயலார் கெடுத்துவிடலாகாதே என்பது அவரது கவலை. அந்த இளைஞன்மீது பிரெட் காதல் கொள்கிறாள். இருவரையும் சேர்த்துவைப்பவனோ ஜேக்! அவன் ஊர் திரும்பும் நாளில் மொண்டோயா அவனருகே வரவேயில்லை.

பின்னர் மாட்ரிட் நகரில், அவ்விளைஞனின் வாழ்வைப் பாழாக்க மனமின்றிப் பிரெட் அவனை அனுப்பிவிடுகிறாள். பழைய நம்பிக்கைகள் யாவும் சரிந்த நிலையிலும் தனக்குத் தானே ஒரு வரம்பு விதித்துக்கொள்கிறாள். ஜேக் மீறிய வரம்பை, ஊர் பழித்த பெண் காத்தாள். நாவலின் உயிர்நிலை இதுவே.