கம்பெனி கருத்துச் சொன்னால் போதுமா?

சாதி, மதம், சுற்றுச்சூழல், உழவர் போராட்டம்னு எது வந்தாலும் இப்போ கம்பெனிகளும் கருத்துச் சொல்லுது. “வியாபாரம் பண்ண வந்தவனுக்கு இதெல்லாம் எதுக்கு?” என்கிறார்கள் சிலர். “நம்ம காசுல வளர்ந்தவன் நம்ம பிரச்சினையில வாயை மூடிக்கிட்டு இருக்கலாமா?” என்கிறார்கள் வேறு சிலர். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் உழவர் முதலில் கேட்க வேண்டியது, அந்தக் கம்பெனி தன் சொந்தத் தொழிலில் என்ன செய்யுது என்பதைத்தான்.

கருத்து சந்தையைப் பார்த்து மாறும். மதம் கடந்த திருமணத்தில் நடக்கும் வளைகாப்பைக் காட்டிய தனிஷ்க் விளம்பரம், எதிர்ப்பு வந்ததும் 2020 அக்டோபரில் திரும்பப் பெறப்பட்டது.

அடுத்தது, டெல்லி எல்லையில் உழவர்கள் மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து உட்கார்ந்திருந்த காலம். பஞ்சாபில் ரிலையன்ஸைப் புறக்கணித்தார்கள். 2021 ஜனவரி 4 அன்று அந்த நிறுவனம் அறிக்கை விட்டது. அந்தச் சட்டங்களுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை, ஒப்பந்த விவசாயத்தில் இறங்கும் திட்டம் இல்லை, தங்களுக்குச் சரக்கு கொடுப்பவர்கள் ஆதரவு விலையைக் கடைப்பிடிக்க வலியுறுத்துவோம் என்றது. இது வெறும் கருத்து இல்லை. தன் தொழிலைப் பற்றிய வாக்கு. நாளைக்கு மீறினால் நாம் எடுத்துக் காட்டிக் கேட்கலாம்.

ஆனால் வாக்கும் பின்வாங்கலும் மட்டும் போதாது. லேஸ் சிப்ஸுக்கான உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாக குஜராத் விவசாயிகள் மேல் பெப்சிகோ வழக்குப் போட்டது. நான்கு பேரிடம் தலா 1 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியதும் 2019 மே மாதம் வழக்கை வாபஸ் வாங்கியது. ரகத்தின் மீதான உரிமையை மட்டும் விடவில்லை. 2021 டிசம்பரில் பதிவு ரத்தானது. கம்பெனி நீதிமன்றம் போனது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. இதற்கு நடுவிலும் உழவனுக்குத் துணையாக நிற்பது 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆவது பிரிவுதான். விளைந்ததிலிருந்து விதை எடுத்து வைக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், கம்பெனிப் பெயர் போடாமல் விற்கவும் அது உரிமை தருகிறது.

ஜெகதாப்பட்டினம் பக்கத்துக்கும் இதே பாடம்தான். 2017இல் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துத் தெருவில் உட்கார்ந்தார்கள். 2020இல் வந்த வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டத்தில் நம்ம மணமேல்குடி ஒன்றியமும் இருக்கிறது. புதிதாக ஹைட்ரோகார்பன் எடுக்க இங்கே தடை. எந்தக் கம்பெனியும் இதை மனசாட்சிப்படி நமக்குத் தரவில்லை.

ஆகவே விதைக் கம்பெனியோ, இறால் பண்ணையோ ஊருக்குள் வந்தால், பேனரில் எழுதியிருக்கும் பசுமை வாசகத்தைப் படித்துவிட்டு நிற்காதீங்க. விதையை நாங்கள் எடுத்து வைக்கலாமா? விலையை யார் முடிவு செய்வது? கழிவு நீர் எங்கே போகும்? நிலத்தில் உப்பு ஏறினால் யார் பொறுப்பு? இவற்றுக்குத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பதிலைக் கேளுங்க. கிராம சபையில் படித்துப் பதிவு பண்ணுங்க. எழுதித் தர மறுக்கிற கம்பெனி எவ்வளவு நல்ல கருத்துச் சொன்னாலும், அது விளம்பரம்தான்.