பின்டரெஸ்ட் ஹால் வேற, சத்தி ஹால் வேற... படத்தைப் பார்த்து வீட்டை மாற்றும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

வெள்ளைச் சுவர், சாம்பல் நிற சோஃபா, மூலையில் ஆளுயரச் செடி, தரையில் பஞ்சு மாதிரி கார்ப்பெட். சின்ன ஹாலை அழகாக்க ஐடியா தேடினால் போனில் வந்து விழும் படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கடையிலோ கார்பென்டரிடமோ காட்டி, ‘இதே மாதிரி வேணுங்க’ என்று கேட்பது சத்தியமங்கலம் மாதிரி ஊர்களிலும் இப்போது சாதாரணம்.

சிக்கல் தெரிவது சோஃபா வீட்டுக்குள் இறங்கிய பிறகுதான். கதவு முழுசாகத் திறக்காது. சமையலறைக்குப் போக ஒருக்களித்து நடக்கணும். இஎம்ஐ மட்டும் மாசா மாசம் தவறாமல் வந்துவிடும்.

படத்தில் ஃபேன் எங்கே?

எந்தப் படத்தையும் சேவ் செய்வதற்கு முன் ஒரு சின்ன சோதனை. அதில் சீலிங் ஃபேன் இருக்கிறதா? ஸ்விட்ச் போர்டு, செட்டாப் பாக்ஸ் வயர், இன்வெர்ட்டர் பேட்டரி, வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு? பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. நம்ம ஊரில் மனுசன் குடியிருக்கும் வீட்டில் இவை இல்லாமல் இருக்குமா?

படம் எடுப்பதற்கு முன் இதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிடுவார்கள். அறையின் மூலையில் நின்று வைட் ஆங்கிள் லென்ஸில் எடுத்தால் சின்ன அறைகூட கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். போதாததற்கு இப்போது ஏஐ உருவாக்கும் படங்களும் கலந்து வருகின்றன. ஜன்னல் ஒரு பக்கம் இருக்கும், நிழல் பொருந்தாத பக்கம் விழும். அப்படி ஒரு வீடே உலகத்தில் இல்லை என்றால், அந்த சோஃபாவின் அளவை யாரிடம் கேட்பது?

அந்த வெள்ளை எதற்காக?

இணையத்தில் அதிகம் சுற்றும் ஸ்டைல்களில் ஒன்று ‘ஸ்காண்டிநேவியன்’. ஸ்வீடன், நார்வே, டென்மார்க் பக்கத்து வீட்டு அலங்காரம். வெளிர் மரம், வெள்ளைச் சுவர், மறைப்பே இல்லாத பெரிய ஜன்னல், கம்பளி விரிப்பு. இது வெறும் ரசனை இல்லை, அந்த ஊர் வானிலைக்குத் தேவை. டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பகல் சுமார் 6 மணி நேரம்தான். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் வீட்டுக்குள் இழுக்கத்தான் இத்தனை ஏற்பாடு.

சத்தியமங்கலத்தில் டிசம்பரிலும் பகல் 11 மணி நேரத்துக்கு மேல். இங்கே வெயிலை உள்ளே இழுப்பதைவிட வெளியே நிறுத்துவதுதான் வேலை. வெள்ளைச் சுவர் நமக்கும் சரிதான். சுண்ணாம்பு அடித்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மேற்குப் பார்த்த ஜன்னலை மறைப்பில்லாமல் விட்டால் ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் அந்த ஹாலில் உட்கார முடியாது. உள்ளே திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டி கட்டுவது பலன் தரும். கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே வெயில் நின்றுவிடும்.

‘ஜன்னலுக்கு எதிரே பெரிய கண்ணாடி மாட்டினால் அறை பெரிதாகத் தெரியும்’ என்ற டிப்ஸும் நிறைய வருகிறது. உண்மைதான். மேற்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டினால், சாயங்கால வெயில் திரும்பி வந்து கண்ணைக் கூசவைக்கும் என்பதும் உண்மைதான்.

10-க்கு 12 கணக்கு

படத்தைவிட டேப் முக்கியம். 10 அடி அகலம், 12 அடி நீளம் உள்ள ஹாலை எடுத்துக்கொள்வோம். மூன்று பேர் உட்காரும் சோஃபா சுமார் 7 அடி நீளம், 3 அடி ஆழம். அதை நீளச் சுவரோடு ஒட்டிப் போட்டால் அகலத்தில் 3 அடி காலி. எதிர்ச் சுவரில் டிவி ஸ்டாண்டு ஒன்றரை அடி. மீதி ஐந்தரை அடி. நடுவில் 2 அடி டீப்பாய் வைத்தால் இரண்டு பக்கமும் ஒன்றே முக்கால் அடிதான் மிஞ்சும். ஒருவர் இடிக்காமல் நடக்க இரண்டரை அடியாவது வேணும்.

டீப்பாயை எடுத்துவிட்டால் அந்த ஐந்தரை அடியும் நமக்கே. குழந்தை விளையாடலாம், ராத்திரி பாய் விரிக்கலாம். இதுதான் வெளிநாட்டுப் படங்கள் சொல்லாத விஷயம். நம்ம ஹால் வெறும் வரவேற்பறை இல்லை. விசேஷத்துக்கு வந்த சொந்தக்காரங்க படுப்பது அங்கேதான். பிள்ளைகள் ஹோம்வொர்க் எழுதுவதும், சின்ன வீடுகளில் எல்லாரும் தட்டு வைத்துச் சாப்பிடுவதும் அங்கேயேதான். எல் வடிவ சோஃபா இது அத்தனைக்கும் குறுக்கே நிற்கும். அடியில் பெட்டி உள்ள திவான் ஒன்று போட்டால் பகலில் இருக்கை, ராத்திரி கட்டில், உள்ளே போர்வை தலையணை.

வாங்குவதற்கு முன் பழைய செய்தித்தாளை சோஃபா அளவுக்கு ஒட்டி, தரையில் விரித்து, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். காசு செலவில்லாத ட்ரையல் இது. வாசற்கதவின் அகலத்தையும், மாடி வீடாக இருந்தால் படிக்கட்டுத் திருப்பத்தையும் அளப்பது அவசியம்.

ஃபால்ஸ் சீலிங் ஆசை இருந்தால் ஒரு வார்த்தை. 10 அடி உயர அறையில் அது அரை அடிக்கு மேல் தின்னும், ஃபேனும் அந்த அளவுக்குக் கீழே இறங்கும். வாடகை வீட்டில் இந்தப் பேச்சே வேண்டாம்; ஆணி அடிப்பதற்கே ஓனரைக் கேட்கணும், இல்லாவிட்டால் அட்வான்ஸில் கழித்துவிடுவார்கள்.

பல்பு மாற்றினாலே பாதி வேலை

படத்தில் அறை இதமாகத் தெரிய முக்கியக் காரணம் வெளிச்சத்தின் நிறம். நம் வீடுகளில் எரியும் வெள்ளை டியூப்லைட் பெரும்பாலும் 6500 கெல்வின். படத்தில் இருக்கும் மஞ்சள் கலந்த வெளிச்சம் 2700 முதல் 3000 கெல்வின். இந்த எண் பல்பு அட்டையிலேயே இருக்கும். படிக்க, எழுத டியூப்லைட் இருக்கட்டும். மூலையில் தாழ்வாக ஒரு மஞ்சள் எல்இடி விளக்கு சேர்த்தால் அதே பழைய ஹால் சாயங்காலத்தில் வேறு வீடு மாதிரி இருக்கும். மொத்த அலங்காரத்தில் காசுக்கு அதிக பலன் தருவது இதுதான்.

மூலையில் உருளி வைத்து மல்லிகை மிதக்கவிடும் படங்களும் நிறைய. பூ விளையும் சத்தியில் இது சுலபம்தான். முகூர்த்த நாளில் மட்டும் விலை கேட்காமல் இருப்பது நல்லது!

தரைக்கு எது?

படத்தில் வரும் மொசுமொசு கார்ப்பெட் தூசியைப் பிடித்து வைக்கும், துவைக்கவும் வழியில்லை. சத்தியமங்கலத்தைத் தொட்டு ஓடும் அதே ஆறு, காவிரியோடு சேரும் பவானியில் இதற்கு எப்போதோ பதில் நெய்துவிட்டார்கள். பவானி ஜமக்காளம். முரட்டுப் பருத்தி நூல், பட்டை பட்டையாகப் பளிச் நிறங்கள், மடித்து வைக்கலாம், துவைக்கலாம். வெள்ளைச் சுவருக்கு முன்னால் விரித்தால் படத்தில் வரும் எந்த ‘ரக்’குக்கும் குறையாது. அகலமான ஜமக்காளத்தைக் குழித்தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து, நாடாவைக் கைமாற்றி நெய்கிறார்கள்.

2005-06-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறிக்கென ஒதுக்கிய ரகங்களின் பட்டியலிலும் ஜமக்காளம் இருக்கிறது. இருந்தும் சோலாப்பூர் விசைத்தறி விரிப்புகள் பவானி பெயரில் குறைந்த விலைக்கு விற்கப்படுவதாக நெசவாளர்கள் பல வருஷமாகப் புகார் சொல்கிறார்கள். ஆன்லைனில் ‘பவானி’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாமல், கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும், கூட்டுறவு சங்கத்திலோ கோ-ஆப்டெக்ஸிலோ வாங்குவதும் பாதுகாப்பு. கோபி, கவுந்தப்பாடி வழியாக பஸ் ஏறினால் நெய்கிற ஊருக்கே போய்விடலாம்.

அழகுக்கு வந்த செடி

சத்தி காட்டுக்குள் புதர் புதராக மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியும் ஒரு காலத்தில் அலங்காரப் பொருள்தான். அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1800-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் தோட்ட அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். அது தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் பரவி, மான்களும் யானைகளும் மேயும் புல்லை வளரவிடாமல் செய்துவிட்டது. 2013-ல் புலிகள் காப்பகமான சத்தியமங்கலம் வனத்துக்கும் இதே தொல்லை.

எல்லை தாண்டினால் கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலை. அங்கே பெங்களூருவின் ஏட்ரீ ஆய்வு நிறுவனம் பயிற்சி தர, சோளகர் பழங்குடியினர் இந்தத் தண்டை வேகவைத்து, தோல் உரித்து, நாற்காலியும் ஸ்டூலும் செய்கிறார்கள். பார்க்கப் பிரம்பு மாதிரியே இருக்கும், விலை பிரம்பைவிடக் குறைவு. கூடலூர் பக்கம் ஆதிவாசிகள் இதே தண்டில் செய்த ஆளுயர யானைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. சின்ன ஹாலுக்கு யானை தாங்காது. ஒரு ஸ்டூல் போதும். வேலை முடிந்ததும் திவானுக்கு அடியில் தள்ளிவிடலாம். ஆனால் காப்பகத்துக்குள் நாமாகப் போய் வெட்டி எடுத்து வர அனுமதி கிடையாது, செய்கிறவர்களிடம் வாங்குவதுதான் வழி.