எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?

மூச்சு வாங்குகிறது என்று போனால் இதய மருத்துவர் இப்படிக் கேட்பார். தூக்கத்தை விசாரிப்பதுபோல் தோன்றும். அவர் எடை போடுவது இதயத்தின் வலுவை. படுத்தவுடன் கால்களில் தேங்கியிருந்த ரத்தம் நெஞ்சுக்குத் திரும்புகிறது. தளர்ந்த இதயத்தால் அதை முழுதாக இறைக்க முடியாது. நுரையீரல் நாளங்களில் அழுத்தம் ஏறி, நீர் கசிந்து, மூச்சு முட்டும். தலையைச் சற்று உயர்த்தினால் இதம். ஒரு தலையணை இரண்டாகி, மூன்றாகி, கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தே இரவைக் கழிப்பவர்கள் உண்டு. காசு செலவில்லாத இந்தக் கேள்வியைப் போல் பயனுள்ள சோதனை மருத்துவத்தில் குறைவு என்பேன்.

வலியைக் காட்டும் விதத்திலும் சேதி இருக்கிறது. ஒற்றை விரலால் 'இங்கேதான்' என்று தொட்டுக் காட்டும் வலி பெரும்பாலும் இதயத்தினுடையதாக இருப்பதில்லை. இதய வலி வந்தவர்களில் பலர் நெஞ்சின் நடுவே முஷ்டியை இறுக்கி வைப்பார்கள். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் லெவைன் பெயரால் வழங்கும் அடையாளம் இது. சர்க்கரை நோயாளிகள், பெண்கள், முதியவர்கள் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். வலியே தெரியாமல் வியர்வை, மூச்சிரைப்பு, அசதி என்றும் மாரடைப்பு வரலாம்.

பிறகு நாடி, கணுக்கால் வீக்கம். 45 பாகை சாய்வில் படுக்கவைத்துக் கழுத்தைப் பார்ப்பதும் காரணத்தோடுதான். அங்கே துடிக்கும் சிரை எவ்வளவு உயரம் ஏறித் தெரிகிறதோ, இதயத்தின் வலப்பக்கம் அவ்வளவு அழுத்தம்.

ஸ்டெதஸ்கோப்பின் முறை கடைசியில்தான். 1816-ல் பாரிஸில் ரெனே லென்னெக், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காது வைக்கத் தயங்கிக் காகிதத்தைச் சுருட்டிக் கேட்டதில் பிறந்த கருவி. 'லப்-டப்' என்பது வால்வுகள் மூடும் ஓசை. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால், சுருங்கிய மிட்ரல் வால்வின் தணிந்த உறுமலும் காதில் விழும். கேட்ட மருத்துவர் மறுபடி பேச்சுக்கே திரும்புவார்: சின்ன வயதில் தொண்டை வலி வந்து, பின்னால் காய்ச்சலும் மூட்டுக்கு மூட்டு தாவும் வீக்கமும் இருந்ததா? அந்த வாதக் காய்ச்சலின் தழும்பு பல ஆண்டுகள் கழித்து வால்வில் தெரியும்.

எக்கோ ஸ்கேன், வால்வின் அளவைக் காட்டும். எந்தப் படியில் மூச்சு வாங்கி நின்றீர்கள் என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். போன மாதம் ஏறிய மாடி இப்போது முடியவில்லையென்றால், 'வயசாயிடுச்சு' என்று மழுப்பாமல் அதையே முதலில் சொல்லுங்கள். நெஞ்சு இறுகி வியர்த்தால் 'கேஸ்' என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.