சிப்பிக்குள் குடியிருக்கும் மீன்

சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் முத்து பார்த்திருப்பீர்கள். அந்த முத்து விளையும் கடற்சிப்பிக்குள் சில நேரம் ஒரு மீனும் குடியிருக்கும்!

முத்துமீன் எனப்படும் அந்த மீனுக்குச் செதில் கிடையாது. உடல் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். வால் ஊசியாய் மெலிந்திருக்கும். உயிருள்ள சிப்பி வாய் திறந்திருக்கும்போதே நழுவி உள்ளே போய்விடும். போன பிறகு சும்மா கிடப்பதில்லை, ஒலி எழுப்புகிறது. பசிபிக் கடலில் மக்கேமோ பவளத்தீவின் கருஞ்சிப்பிகளில் வாழும் மீன்களைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வு வியப்பானது: மீன் தன் காற்றுப்பையால் எழுப்பும் ஒலியில் ஒரு பகுதியைச் சிப்பியின் ஓடே பெருக்கித் தருகிறது.

சில மீன்கள் உள்ளேயே இறந்துவிடும். அவற்றைச் சிப்பி, முத்துக்குப் பூசும் அதே பளபளப்பால் மூடி ஓட்டோடு ஒட்டிவிடும். அப்படி மூடப்பட்ட மீன்களைக் கண்டவர்கள் வைத்த பெயர்தான் முத்துமீன்.