வலி மறைந்தால் யார் எச்சரிப்பது?

சென்ற ஆண்டு விளையாட்டுத் திடலில் விழுந்த என் 8 வயது தம்பியின் முன்கை எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தவன் அழவில்லை. “அக்கா, என் கை இருக்கா?” என்றுதான் கேட்டான்.

அவன் மயக்கத்தில் இருந்தபோதே போடப்பட்ட நரம்புத் தடுப்பு ஊசிதான் காரணம். அல்ட்ராசவுண்ட் திரையில் நரம்புகளைப் பார்த்தபடி, அவற்றைச் சுற்றி மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் செலுத்துகிறார்கள். கையிலிருந்து மூளைக்குச் செல்லும் வலிச் செய்தி பல மணி நேரம் தடைபடுகிறது. மார்ஃபின் போன்ற மருந்துகளின் தேவை குறைகிறது. அவற்றால் வரும் குமட்டலும் அரிப்பும்கூடக் குறைகின்றன.

அப்படியானால் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடலாமே? அங்குதான் சிக்கல். எலும்பு முறிந்த இடம் வீங்கி, தசைகளுக்குள் அழுத்தம் கூடினால் இரத்த ஓட்டம் தடைபடும். சில மணி நேரத்தில் கவனிக்காவிட்டால் தசை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். இதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் கடும் வலிதான். ஊசி அந்த எச்சரிக்கையையும் மறைத்துவிடுமோ என்பது மருத்துவர்களின் கவலை. எனவே, ஆபத்து அதிகமுள்ள முறிவுகளில் ஊசியைத் தவிர்ப்பதும் மருந்தின் செறிவைக் குறைப்பதும் உண்டு.

அன்றிரவு தாதி அடிக்கடி வந்து தம்பியின் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். நிறத்தையும் வீக்கத்தையும் கவனித்தார். தூங்கும் பிள்ளையை ஏன் தொந்தரவு செய்கிறார் என்று நினைத்தேன். அவன் வலி சொல்லவேண்டியதைத் தம் கண்ணாலும் கையாலும் அவர் தேடிக்கொண்டிருந்தார் என்பது இப்போதுதான் புரிகிறது.