ராமசாமி, முத்துசாமி, வீராசாமி... பேர்களின் கடைசியில் நிற்கும் இந்த 'சாமி' யார்?

உங்க அப்பாவோட ஐசியைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க.

அதில் 'ஏ/எல்' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் இருப்பது உங்க தாத்தாவின் பேர். அது 'சாமி' என்று முடிகிறதா?

முனுசாமி, கோவிந்தசாமி, மாரிசாமி என்று தாத்தா தலைமுறையில் நிறையப் பேர் உண்டு. உங்க வகுப்பில் அப்படி எத்தனை பேர் இருக்காங்க? யோசிச்சுப் பாருங்க.

புக்கிட் தெங்காவிலிருந்தே தொடங்குவோம்

புக்கிட் தெங்கா சட்டமன்றத் தொகுதி, பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. 2008 பொதுத் தேர்தலில் அங்கே வென்றவர் பேராசிரியர் பி. ராமசாமி. பக்கத்துப் பிறை சட்டமன்றத் தொகுதியிலும் அவரே வென்றார். பினாங்கின் இரண்டாம் துணை முதலமைச்சராக 2023 வரை இருந்தார்.

அவர் பேருக்கு முன்னால் இருக்கும் 'பி' எதைக் குறிக்கிறது தெரியுமா? பழனிசாமி. மகனும் சாமி, அப்பாவும் சாமி!

சாமின்னா என்ன?

'சுவாமி' என்ற வடசொல்தான் தமிழர் வாயில் 'சாமி' ஆனது. உடையவர், தலைவர் என்று பொருள். கடவுளையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். ராமரோடு சேர்ந்தால் ராமசாமி, பழனி முருகனோடு சேர்ந்தால் பழனிசாமி.

இது சாதிப் பட்டம் இல்லை. குடும்பப் பேரும் இல்லை. பல சாதிகளிலும் இந்தப் பேர் உண்டு. தேவாலயத்துக்குப் போகும் குடும்பங்களில் அந்தோணிசாமி, ஆரோக்கியசாமி என்று இருப்பார்கள்.

கடவுளே இல்லை என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன பெரியாரின் பேரும் ராமசாமிதான். அவர் 'நாயக்கர்' என்ற சாதிப் பட்டத்தை விட்டுவிட்டார். ராமசாமியை விடவில்லை. 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்தபோது அவர் கப்பலிலிருந்து இறங்கிய இடம் பினாங்கு.

மரியாதைச் சொல் வசைச் சொல்லான கதை

1860 நவம்பர் 16ஆம் தேதி, மதராஸிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் அதில் இருந்தார்கள்.

பின்னாளில் அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் இந்தியர்களைக் கேலியாகக் கூப்பிட ஒரு சொல் கிடைத்தது: 'சாமி'. ஆளுக்கு ஒரு பேர் இருந்தும், எல்லாரும் 'சாமி'தான்.

காந்தி தன் சுயசரிதையான 'சத்திய சோதனை'யில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தமிழர் பேர்களின் கடைசியில் வருவதுதான் அந்தச் சொல், அதற்கு எஜமான் என்று பொருள் என்கிறார். சாமர்த்தியமானவர்கள், "நான் உங்களுக்கு எஜமான் இல்லையே" என்று பதில் கொடுப்பார்களாம்.

அதே டர்பனில் பிறந்தவர் சாம் ராம்சாமி. பேர் சுருங்கிவிட்டாலும் அதுவும் நம்ம ராமசாமிதான். நிறவெறி தென்னாப்பிரிக்காவை உலக விளையாட்டு அரங்குகளிலிருந்து விலக்கி வைக்கப் போராடிய அமைப்பின் தலைவர் அவர். 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் அந்த நாடு மறுபடியும் களம் இறங்கியபோது, அதன் ஒலிம்பிக் குழுவின் தலைவராகவும் அவரே இருந்தார்.

ஒரே சாமி, பல எழுத்து

பேரைப் பதிவேட்டில் எழுதியவர் யார் என்பதைப் பொறுத்து எழுத்தும் மாறியது.

- மலேசியாவில் பெரும்பாலும் எஸ், ஏ, எம், ஒய்.

- தமிழ்நாட்டில் பலர் நடுவில் ஒரு டபிள்யூ சேர்க்கிறார்கள். முன்னாள் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அப்படித்தான் எழுதுகிறார்.

- இலங்கையில் குமாரசாமி குடும்பத்தின் பேர் 'சி'யில் தொடங்கும், இரண்டு 'ஓ'வும் வரும். கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமி அப்படி எழுதினார். 2006 முதல் 2012 வரை ஐ.நா.வில் போர்க்காலக் குழந்தைகளுக்காகப் பணியாற்றிய ராதிகா குமாரசுவாமியும் அப்படித்தான்.

- பிரெஞ்சு ஆட்சியிலிருந்த ரியூனியன், குவாதலூப் தீவுகளில் இரண்டு எஸ். ஏன்? இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவே ஒற்றை எஸ் வந்தால், பிரெஞ்சில் அதன் உச்சரிப்பு 'இசட்' மாதிரி ஆகிவிடும்.

அந்த இரண்டு எஸ்ஸோடு குவாதலூப்பிலிருந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குப் போனவர் எர்னஸ்ட் முத்துசாமி. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஜீன் முத்துசாமி-ஆஷின் அப்பா வழியும் குவாதலூப்தான். 1975ல் விம்பிள்டனை வென்ற ஆர்தர் ஆஷ் அவருடைய கணவர்.

மொரிஷியஸ் 1992ல் குடியரசானபோது முதல் அதிபரானவர் வீராசாமி ரிங்காடு. அங்கே சாமி கடைசியில் இல்லை, முதல் பேரில் நின்றுவிட்டார்.

அங்கே தங்கியது, இங்கே போகிறது

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு செனுரன் முத்துசாமியைத் தெரிந்திருக்கும். டர்பனில் பிறந்தவர். 2019ல் தன் முதல் டெஸ்டில் எடுத்த முதல் விக்கெட்டே விராட் கோஹ்லி. 2025 நவம்பரில் குவாஹாட்டியில் இந்தியாவுக்கு எதிராக 109 ரன் அடித்தார்.

'செனுரன்' இந்தக் காலத்துப் பேர். 'முத்துசாமி' முன்னோர் பேர். தென்னாப்பிரிக்காவிலும் பிரெஞ்சுத் தீவுகளிலும், தாத்தாவுக்குத் தாத்தாவின் பேர் குடும்பப் பேராக உறைந்துவிட்டது. தமிழ் பேசத் தெரியாத பேரப்பிள்ளையும் அதைச் சுமக்கிறார்.

மலேசியாவில் நாம் அப்படிச் செய்யவில்லை. நமக்குக் குடும்பப் பேர் கிடையாது. அப்பா பேர் மட்டும்தான் கூட வரும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்:

- தாத்தா: முனுசாமி
- அப்பா: கணேசன் ஏ/எல் முனுசாமி
- நீங்கள்: பிரகாஷ் ஏ/எல் கணேசன்

உங்க ஐசியில் முனுசாமி இல்லை. சாமியை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டே தலைமுறையில் தானாகவே இறங்கிப் போய்விட்டார்.

நம்ம முறையில் நல்லதும் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் சொந்தப் பேரே முதல் பேர். கல்யாணத்துக்குப் பிறகும் பெண்கள் அப்பா பேரோடு இருக்கலாம். ஆனால் மூன்றாம் தலைமுறையின் பேரை நமக்காக எந்த அட்டையும் ஞாபகம் வைத்திருக்காது. நாமதான் வைத்திருக்கணும்.

இப்போ என்ன செய்யலாம்?

இந்த வாரக் கடைசியில் வீட்டில் பெரியவங்க யாராவது இருந்தா கேளுங்க: தாத்தாவோட அப்பா பேர் என்ன? அவங்க அப்பா பேர்?

சொல்லும்போதே எழுதி வைங்க, தமிழிலும் எழுதுங்க. பழைய பிறப்புப் பத்திரம் இருந்தால், அதில் இருக்கும் எழுத்தை அப்படியே குறித்துக்கொள்ளுங்க. ஒரு எஸ், ஒரு டபிள்யூ மாறினாலும், பின்னால் குடும்ப வரலாறு தேடுபவருக்கு அது வேறு ஆளாகத் தெரியும்.

அப்பாவோட ஐசி இன்னும் கையில்தான் இருக்கா? அதில் இருக்கும் பேரை முதலில் எழுதுங்க.